அறுபதாவது படி

2004 மார்ச், பிற்பகல் மூன்று மணி. கனடாவின் மொன்றியல் நகர் சூசையப்பர் கோவிலின் மரப்படிகள் உருகிய பனியில் கறுத்துக் கிடக்கின்றன. மொத்தம் தொண்ணூற்றொன்பது. முழங்காலால் ஏறுபவர்களுக்கு மட்டும். அறுபதாவது படியில் மாக்கிரட்டின் வலது முழங்கால் இறுகிவிட்டது. செபமாலை சுற்றிய கையை மேல்படியில் ஊன்றிக்கொள்கிறாள். தன் இருதயச் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் வைத்த நேர்த்திக்கடன் இது. யாருடைய உதவியும் இல்லாமல் ஏறி முடித்தால்தான் தன் ஆத்துமம் தப்பும் என்று நம்புகிறாள். பக்கத்துச் சீமெந்துப் படியில் ஒரு சோடிச் சப்பாத்து வந்து நிற்கிறது. தங்கை பிரியந்தி. கத்தோலிக்கத்தை விட்டுப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டாள் என்று மாக்கிரட் மூன்று வருடமாகக் கதவு திறக்காத தங்கை. மாக்கிரட்டின் மகள் றெபேக்காதான் அவளுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும்.

"கையைப் பிடியுங்கோ அக்கா."

"விடு. பிடிச்சால் நேர்த்தி செல்லாது."

"மோட்சத்துக்கும் தனியத்தான் போகப் போறியளோ?"

"முழங்கால் தேய்ச்சு மோட்சம் போகேலாது எண்டு சொன்ன ஆள்தானே நீ."

"ஓம். இப்பவும் அதைத்தான் சொல்லுறன்."

சொல்லிக்கொண்டே பிரியந்தி இடையிலுள்ள தடுப்புக் கம்பியைத் தாண்டி வந்து, வேலைக்குப் போட்ட கந்தோர் உடுப்போடு ஈரப்பலகையில் முழங்காலிடுகிறாள். காலுறை கிழியும் சத்தம் இருவருக்கும் கேட்கிறது. அவள் தோளைத் தாழ்த்திக்கொண்டு காத்திருக்கிறாள். காற்று மாக்கிரட்டின் முக்காட்டை இழுக்கிறது. செபமாலை சுற்றிய கை அந்தத் தோளில் மெல்ல இறங்குகிறது. பிறகு இறுகப் பற்றுகிறது. முழங்கால் அறுபத்தோராவது படியில் ஊன்றுகிறது.

"இன்னும் எத்தினை இருக்கு?" பிரியந்திக்கு இப்போதே மூச்சு வாங்குகிறது.

"முப்பத்தெட்டு. கதையாமல் ஏறு."