அழுக்குச் சேலை

அரைநாள் லீவு போட்டு, தபால் ஆபீசிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் சேரன்மகாதேவி வீட்டுக்கு வந்த விஜயஸ்ரீக்கு வாசலிலேயே வயிறு எரிந்தது. அவள் பிழிந்து வைத்துவிட்டுப் போன தாய்ப்பாலை, பிள்ளை பார்க்கும் ஆறுமுகத்தாய் மடியில் கிடந்து சங்கில் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தான் மகன். பெற்றவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. போதாததற்கு, இரவு உடுத்திக் காலையில் விஜயஸ்ரீ அவிழ்த்துப் போட்ட சேலை ஆறுமுகத்தாய் உடம்பில்.

"பிள்ளையத்தான் ஒம்பக்கம் இழுத்துக்கிட்டே. என் சேலையுமா வேணும்?"

ஆறுமுகத்தாய் பைய நிமிர்ந்தாள்.

"கோவிச்சுக்கிடாதியம்மா. என் சேலையோட எடுத்தா வாயவே தொறக்க மாட்டேங்கான். ஒங்க வாசம் இருந்தாத்தான் குடிக்கான்."

விஜயஸ்ரீ தோள்பையை இறக்கி வைத்தாள்.

"நேத்து சேலையத் தொவச்சுப் போட்டுட்டுப் போயிட்டியள்லா. நீங்க வார வரைக்கும் ஒரு சங்குகூட எறங்கலம்மா."