பை சுடுது!

"ஐயோ, பை சுடுது!"

தெரணியகலை பஸ்ஸில், தலைக்கு மேலிருந்த தட்டில் தன் மரக்கறிப் பையை வைக்கப்போன பெண், அங்கே இருந்த கறுப்புப் பையில் பட்ட கையை உதறிக்கொண்டு கத்தினாள். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடம் அது. மறுநிமிடம் பஸ்ஸுக்குள் மிஞ்சியது யோகராஜும் அந்தக் கறுப்புப் பையும்தான்.

"என் பைதாங்க! உள்ள லெப்டொப்பு இருக்கு, அதான் சூடாயிருச்சு!" என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தான். கேட்கத்தான் ஆளில்லை. சாரதிகூட இறப்பர் மரங்களுக்குள் ஓடி நின்றுகொண்டார்.

வளைவில் இருந்த சோதனைச் சாவடியிலிருந்து பொலிஸார் வந்தார்கள். பையை அவனையே தூக்கவைத்து, தூர நின்றபடி நடத்திக்கொண்டு போனார்கள். பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

முற்றத்தில் பையை வைத்ததும் அவனைச் சுவரோரம் உட்காரச் சொன்னார்கள். அடையாள அட்டையை வாங்கிய சார்ஜன்ட் பெயரைப் படித்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய கழுத்தெல்லாம் வியர்வை. சாவடியில் இருந்த ஒரே விசிறியோ உள்ளறையில், பொறுப்பதிகாரியின் ஆளில்லாத மேசையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்க போற?" சிங்களத்தில்தான் கேட்டார்.

"தோட்டத்துக்கு, மாத்தயா. இன்னைக்குத் தங்கச்சிக்குப் பரிசம். அப்பா இல்ல. நான் போனாத்தான் தட்டு மாத்துவாங்க." தண்ணீர்பட்ட பாடாக வரும் சிங்களம் இன்று அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

"கொழும்புலருந்து குண்டு பாக்கிற ஆளுக வரணும். ராத்திரியாகும். அது வரைக்கும் அசையக் கூடாது."

பிடுங்கி வைத்த அவன் போன் மேசைமேல் அலறியது. அம்மாவாகத்தான் இருக்கும். எடுத்தால் வெடிக்கும் என்று பொலிஸ் கொஸ்தாப்பல் ஒருவர் சொல்லிவிட்டதால் அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் இந்நேரம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணின் அண்ணனைப் பொலிஸ் பிடித்துவிட்டதாம் என்று காதில் விழுந்தால் போதும், கொண்டுவந்த தட்டுகளோடு திரும்பிவிடுவார்கள். தங்கச்சி சுதர்ஷினியின் முகத்தை நினைத்தபோது யோகராஜுக்கு அழுகை முட்டியது.

எல்லாம் தன் சோம்பலால் வந்த வினை. வைரஸ் தின்ற கணினியைப் போன வாரம் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டான். அன்றிலிருந்தே ஃபேன் சுற்றவில்லை. பரிசம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டான். மூடியை மூடினால் தூங்கிவிடும் என்று நம்பிப் பையில் போட்டது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். அது தூங்காமல் பைக்குள்ளேயே வெந்திருக்கிறது.

"மாத்தயா, நானே தொறந்து காட்டுறேன். வெடிச்சா நான்தானே சாவேன்?"

சார்ஜன்ட் யோசித்தார். பிறகு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "தொற" என்றார்.

கணினியை எடுத்துச் சிமெந்துத் தரையில் கொஞ்சம் ஆறவிட்டு, பொத்தானை அழுத்தினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின.

"என்னடா ஓடுது?"

"ஸ்டார்ட் ஆவுதுங்க, மாத்தயா."

சொல்லி வாய் மூடவில்லை, பட்டென்று அணைந்துவிட்டது. மூட்டைகளுக்குப் பின்னால் எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

"பயப்படாதீங்க! சூடு கூடுனா தானாவே நின்னுரும்."

"தானாவேயா?" சார்ஜன்டின் தலை மட்டும் எழுந்தது. "எத்தன நாளா?"

"ஒரு வாரமா, மாத்தயா." இதை ஏன் கேட்கிறார் என்று யோகராஜுக்குப் புரியவில்லை.

இந்த முறை நன்றாக ஆறவிட்டான். தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொண்டு மறுபடி அழுத்தினான். திரை வந்ததும் கட்டளைகளைத் தட்டிப் பார்த்தான். சூடு அதற்குள் எண்பதைத் தாண்டியிருந்தது. ஃபேனை இயக்கும் சின்ன நிரல் ஏற்றப்படாமலே கிடந்தது. அதை ஏற்றச் சொல்லி ஒரு வரி எழுதி அழுத்தினான்.

உர்ர்ர் என்று சத்தம் கேட்டது. கொஸ்தாப்பல் துப்பாக்கியைத் தூக்கினார்.

"ஃபேன், மாத்தயா! வெறும் ஃபேன்!"

சார்ஜன்ட் மெல்ல வந்து குனிந்தார். ஓரத்துத் துளைகளில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காதையும் வைத்துக் கேட்டார். திரையில் எண்பது எழுபதாகி, எழுபது அறுபதாகி, இறங்கிக்கொண்டே இருந்தது.

"குண்டு இல்லடா" என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு யோகராஜை உற்றுப் பார்த்தார். "இதெல்லாம் நீயே செஞ்சதா? யாரும் சொல்லிக் குடுத்தாங்களா?"

"நானேதான், மாத்தயா!" உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான்.

அடுத்த பஸ் வளைவில் ஹோன் அடித்தது. இதைப் பிடித்தால் பரிசத்துக்குப் போய்விடலாம். அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினான்.

சார்ஜன்ட் அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். விறுவிறுவென்று உள்ளே போய்த் தொலைபேசியைச் சுழற்றினார்.

"சேர், நாம தேடிக்கிட்டிருந்த ஆள் மாட்டிக்கிட்டான்!"

எந்த ஆள்? என்ன குற்றம்? யோகராஜ் உள்ளறையையே பார்த்துக்கொண்டு நிற்க, பஸ் சாவடியைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே சார்ஜன்டின் குரல் குதூகலமாகக் கேட்டது.

"ஒங்க லெப்டொப்ப ஆற வைக்காம இவன நான் விட மாட்டேன், சேர்!"