ஆசீர் தூக்கிய கை

"டிரம்ஸ் வேணும்ங்கிறவங்க கை தூக்குங்க" என்று போதகர் கேட்டதும், இரண்டாம் வரிசையில் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஆசீரின் கைதான் முதலில் எழுந்தது. ஆசீரின் மகள், கோயிலில் ஆர்கன் வாசிக்கும் பியூலாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

திண்டுக்கல் லுத்தரன் கோயிலில் ஞானப்பாட்டுக்கு ஆர்கனைத் தவிர எதுவும் கூடாது என்று சபைக் கூட்டம்தோறும் மல்லுக்கு நின்றவர் அவர். மகளை ஆர்கன் முன்னால் உட்காரவைத்தவரும் அவரே.

வீட்டுக்கு வந்ததும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பியூலா பொரிந்தாள்.

"வாலிபர் சங்கத்துப் பயலுக உங்களச் சரிக்கட்டிட்டாய்ங்களாப்பா? இனிமே நான் வாசிக்க மாட்டேன்."

அவர் தலையைத் தூக்கவே இல்லை. வயசோடு வீம்பும் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு டிரம்ஸ் வந்துவிட்டது. பியூலா ஆர்கன் பக்கமே போகவில்லை. ஆண்கள் வரிசை என்றும் பாராமல் அப்பாவின் அருகில் போய் நின்றாள்.

பாட்டுத் தொடங்கியது. அப்பா குனிந்து, முன்னாலிருந்த பெஞ்சின் சாய்மானப் பலகையில் இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திக்கொண்டார். அப்போதுதான் மகளைப் பார்த்தார்.

"நீ ஏன்த்தா இங்க நிக்கிற?" ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். "போயி வாசி. போன வருசத்துல இருந்தே உன் ஆர்கன் எனக்குச் சுத்தமாக் கேக்கல. இந்த டிரம்ஸ் பலகையில அதிருதுல்ல? கைய வச்சா, நீ பாட்டுல எந்த அடிய வாசிக்கிறன்னு தெரிஞ்சிரும்."