உச்சியில் நின்ற கைகள்

ஆளில்லாத கோல்ஃப் மைதானத்தில் ஒருவர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். மட்டை உச்சிக்குப் போனதும் முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். கைகள் அதைத் தொடர்ந்து இறங்க வேண்டும். கைகளோ ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டன. பந்துகள் எல்லாம் வலப்புறப் புதருக்குள் போய் விழுந்தன.

"கொஞ்சம் பொறுங்களேன், தம்பிகளா," என்றது இடுப்பு. "நான் திரும்பும்போது பக்கத்தில் யாருமே இருப்பதில்லை."

"மட்டையைப் பிடித்திருப்பது நாங்கள். உங்களுக்கு என்ன வேலை, அக்கா? பெல்ட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்!" என்று கைகள் சிரித்தன.

அதன்பின் இடுப்பு அசையவே இல்லை. கைகள் தனியாக வீசின. பந்து காலடியிலேயே உருண்டு நின்றது.

"இதோடு சரி. இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்," என்று சொல்லி ஆட்டக்காரர் கடைசிப் பந்தை வைத்தார்.

கைகள் மட்டையை உயர்த்தின. உச்சிக்குப் போனதும் நின்றன.

"அக்கா?"

மேலே காற்றைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனாலும் கைகள் இறங்கவில்லை.

"அக்கா, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்."

கீழே, மிக மெதுவாக, இடுப்பு திரும்பத் தொடங்கியது. கைகள் அதன் பின்னாலேயே வந்தன.

பந்து எங்கே போயிற்று என்று அவை பார்க்கவில்லை.