பக்கத்து நாற்காலி

“வெளியில வேலை தேடுறவங்க என் லேப்ல இருக்க வேண்டாம்” என்று பேராசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் நான்கு ஆண்டுகளாக அவருடைய லேப்பில் ஆராய்ச்சிக்காகச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்த அவள், பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுத்தான் இந்தப் பயிற்சிக்கு வந்திருந்தாள். மருந்து கம்பெனி வேலைக்கு ஆராய்ச்சியாளர்களைத் தயார்படுத்தும் பயிற்சி.

தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. பேராசிரியர்!

சுற்றிப் பார்த்தவர், நேராக வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பல்வலி பரவாயில்லையாம்மா?”

“சார்... மன்னிச்சிடுங்க. கையில இருக்குற வேலைய முடிக்காம எங்கயும் போயிட மாட்டேன்.”

அவர் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டார்.

“இப்ப வந்த நீங்க உங்களப் பத்திச் சொல்லுங்க சார்” என்றார் பயிற்சியாளர்.

நாலு பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேராசிரியர் எழுந்தார்.

“இருபத்திரண்டு வருஷமா ஆராய்ச்சி பண்றேன். நேத்து எங்க லேப்ப மூடச் சொல்லிட்டாங்க. நானும் வேலை தேடித்தான் வந்திருக்கேன்.”

உட்கார்ந்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நல்லவேளைம்மா, நீயாவது என் பேச்சக் கேக்கல.”