ஆசிட் சட்டை

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் இரும்பை ஆசிட்டில் கழுவும் முனிரத்தினத்தை, மனைவி கன்னியம்மாதான் வற்புறுத்திச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தாள்.

"மூளைக் கட்டிக்குள்ள எவ்வளவு ஆசிட் இருக்குன்னு ஸ்கேன்ல பார்க்கப் போறோம். ஆராய்ச்சிக்குத்தான். இதால குணமாகாது," என்றார் டாக்டர்.

"பதினோரு வருசமா ஆசிட்லயே கெடக்குறேன் சார். அதான் மூளைக்கு ஏறிச்சா?" முனிரத்தினத்தின் குரல் உடைந்தது.

"இல்லைங்க. இது கட்டி தானா உண்டாக்குற ஆசிட். உங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

நர்ஸ் கதவைத் திறந்தாள். "தாலி, கம்மல் எல்லாத்தையும் கழட்டிட்டு வாங்கம்மா."

கன்னியம்மா எழுந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கணவன் கையில் வைத்தாள்.

"கேட்டுக்கினியாய்யா? உன் ஆசிட் சட்டைய நான் தொவைச்சதால எனக்கு இந்தக் கட்டி வர்லியாம். இதைக் கேக்கத்தான் உன்னை இட்டாந்தேன். இனிமேலாவது அழுவாம சோறு துன்னு."