செவ்வாய்க்கிழமைக் கப்

"ஏனுங்க, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைங்க!"

சுமதி சொன்ன தினுசில் மாதன் கையிலிருந்த பால் பாத்திரம் தளும்பிவிட்டது.

"அதுக்கேன் புள்ள இப்படி நடுங்கற? மேடம் வருவாங்க, காபி குடிப்பாங்க, போவாங்க."

"குடிச்சுட்டுச் சும்மாவா போறாங்க?"

அதுதான் விஷயம். கொல்லிமலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற காபிக் கடை அது. பிளாஸ்டிக் தடையைப் பார்க்கிற அதிகாரி ரோஸ்லின் மேடம் மூன்று மாதமாக வாரம் தவறாமல் வருகிறார். குடித்து முடித்த கப்பைக் கூடையில் போடமாட்டார். நன்றாக உதறி, பேப்பரில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எதற்கு? கேட்க யாருக்குத் தைரியம்!

அதற்கு முன்பு நாலு கடை தள்ளி இருந்த சின்னராசுவுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவன் கடைக் கப்பை மேடம் நகத்தால் ஒரு கீறு கீறினார். உள்பக்கம் மெல்லிசாகப் பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. அன்றைக்கே சீல். பாவம், இப்போது சேந்தமங்கலத்தில் கட்டட வேலைக்குப் போகிறான்.

"நமக்கென்ன பயம்? போர்டே வச்சிருக்கோமில்ல?" என்றான் மாதன்.

வைத்திருந்தார்கள். 'எங்கள் கப் மண்ணோடு மண்ணாக மக்கும்' என்று பச்சை எழுத்தில். கப்புகளும் சும்மா சொல்லக்கூடாது, அழகு. காபி விளைகிற ஊர்களின் படங்கள். எத்தியோப்பியாக்காரர்களின் கறுப்பு மண் கூஜா ஒன்றில், கொலம்பியாக்காரர்களின் வரிவரியான தோள்பை ஒன்றில், இடுப்பில் கூடை கட்டிக் காபிப் பழம் பறிக்கிற கொல்லிமலைப் பெண் இன்னொன்றில். டூரிஸ்டுகள் காபியைவிடக் கப்பைத்தான் அதிகம் போட்டோ எடுப்பார்கள்.

கப் வாங்குவது மட்டும் சுமதியின் பொறுப்பு. அவள் போர்டு பக்கம் திரும்பாமலே மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது.

இத்தனை நாள் நடந்து வந்தவர் இன்றைக்கு ஜீப்பில்! பின்சீட்டில் காலிச் சாக்குகள் வேறு.

"ஒரு காபி, சுமதி."

மேசைக்கு அடியில் குனிந்து ஒரு கப்பை எடுத்து ஊற்றிக் கொடுத்தாள்.

மேடம் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வேற வேற படம். எனக்கு மட்டும் எப்பவும் கொல்லிமலைப் படம்தான். இல்லையா?"

"அ... அப்படீங்களா மேடம்? கவனிக்கலீங்க."

"நான் கவனிச்சேன்." மேடம் குடித்து முடித்து எழுந்தார். நேரே குப்பைக் கூடைப் பக்கம் போனார். "ஒரு வாரக் கப்பும் இதுலதானே இருக்கு?"

போச்சு, எல்லாம் போச்சு! சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினாள். பத்து வருஷக் கடை. இதை விட்டால் சோற்றுக்கு வழி கிடையாது.

"மேடம்... மேடம், கடைய மட்டும் மூடிராதீங்க..."

"அட, எதுக்கு அழறீங்க? உட்காருங்க முதல்ல." மேடம் அவள் தோளைத் தொட்டார். "உங்க கப் பிளாஸ்டிக்குன்னு மூணு மாசம் முன்னாடி ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. இங்கேயே கீறிப் பார்த்திருக்கலாம். சின்னராசு கடையில அப்படிச் செஞ்சேன், ஊரே கூடி வேடிக்கை பார்த்துச்சு. அந்த மனுஷன் மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. உங்களை அப்படி நிக்க வைக்க மனசு வரலை. அதான் ஒவ்வொரு கப்பா எடுத்துட்டுப் போய் என் குவார்ட்டர்ஸ்ல காபிச் செடிக்கு அடியில புதைச்சு வச்சேன்."

"புதைச்சீங்களா?"

"நேத்து தோண்டினேன். முதல்ல புதைச்சதெல்லாம் மண்ணோட மண்ணாப் போயிடுச்சு! இந்த மலையிலேயே யோக்கியமான கடை இதுதான்னு என் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன். ஏதாவது தப்புன்னா இனி என் வேலைதான் போகும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாதனும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"நாளைக்கு ஸ்கூல் பிள்ளைங்க காபி நாத்து வைக்கறாங்க. நாத்தை உங்க கப்புல வச்சு, கப்போடயே மண்ணுல நடப் போறோம். பெரிய ஆபீசர்லாம் பார்க்க வர்றாங்க. உங்க கூடையில இருக்கற கப் மொத்தமும் எனக்கு வேணும்."

"எடுத்துக்கங்க மேடம், எடுத்துக்கங்க!" மாதன் ஓடிப்போய்க் கூடையைச் சாக்கில் கவிழ்த்து ஜீப்பில் ஏற்றினான். கூஜாவும் தோள்பையும் படம் போட்ட கப்புகள் சாக்கு வாய் வரைக்கும் பிதுங்கின.

ஜீப் போய்விட்டது.

"பார்த்தியா புள்ள? தங்கமான மனுசி! இனி என்ன பயம் உனக்கு?"

சுமதி மேசைக்கு அடியில் குனிந்தாள். ரோஸ்லின் மேடத்துக்கென்று மட்டும் வாங்கி அவள் ஒளித்து வைத்திருந்த நிஜமான மக்கும் கப், அந்த ஒரே ஒரு பாக்கெட், இன்னும் பாதிகூடத் தீராமல் இருந்தது.